டைம் கீப்பர் வீட்டுக் கொதிசட்டி

“வண்டியும் சரி, கொதிக்கிற சட்டியும் சரி, யாருக்காகவும் நிக்காது! நாட்டை ஆள்றவரே வாசல்ல வந்து நின்னாலும் நான் நிறுத்த மாட்டேன்!”

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், தன் வீட்டுச் சாப்பாட்டு மேசை முன்னால் கரண்டியும் கையுமாக நின்று டைம் கீப்பர் வெளியிட்ட பிரகடனம் இது. நாட்டை ஆள்பவர் அன்றைக்கு அந்தத் தெருப் பக்கம் வருவதாக யாருக்கும் தகவல் இல்லை. வாசலில் வந்து நின்றவர் அவருடைய மைத்துனர் மட்டும்தான். சட்டியில் போடுவதற்காக இறால் வாங்கப் போனவர், இறாலோடு திரும்பி வந்தபோது அடுப்பு அணைந்திருந்தது. இறாலை இரவு பொரித்துச் சாப்பிட்டார்கள். சட்டியை மட்டும் மறுபடி பற்றவைக்கவில்லை. ஏனென்றால் விதி என்றால் விதி.

டைம் கீப்பர் என்பது பெற்றோர் வைத்த பெயரல்ல, பஸ் டிப்போ வைத்தது. பெற்றோர் வைத்த பெயரைச் சொன்னால் அவரே ஒரு நொடி யோசித்துத்தான் திரும்பிப் பார்ப்பார். டிப்போவின் வெளிவாசலை ஒட்டி ஒரு தகரக் கூண்டு. அதற்குள் ஒரு சுவர்க் கடிகாரம், ஆடிக்கொண்டே சுற்றும் ஒரு மின்விசிறி, ஒரு விசில், அப்புறம் அவர். விசில் சத்தம் கேட்டால் வண்டி நகர்ந்தாக வேண்டும். டிரைவருக்கு வயிற்றைக் கலக்கினாலும், கண்டக்டர் சில்லறை மாற்றப் போயிருந்தாலும் அது அவரவர் பாடு. ஓடி வருகிறவர்களைப் பார்த்து இரக்கப்பட ஆரம்பித்தால் அப்புறம் ஊரில் ஒருத்தரும் நடந்து வரமாட்டார்கள், எல்லாரும் ஓடித்தான் வருவார்கள் என்பது அவருடைய தத்துவம். கேட்கும்போது நியாயமாகத்தான் படும். ஓடி வந்து மூச்சிரைக்க நிற்கும்போதுதான் அதில் என்னமோ இடிக்கும்.

இப்படிப்பட்ட மனிதரின் வீட்டுக்குள் கொதிசட்டி நுழைந்தது விதியின் குறும்பு. மைத்துனர் கப்பலில் சமையல்காரர். வீட்டில் எல்லாருக்கும் ‘கப்பல்’. ஒரு தடவை ஊருக்கு வந்தபோது, நடுவில் தடுப்பு வைத்த அகலமான சட்டி ஒன்றையும், மேசை மேலேயே வைத்துப் பற்றவைக்கிற சின்ன கேஸ் அடுப்பு ஒன்றையும் அக்காவுக்குப் பரிசாகக் கொண்டுவந்தார். தடுப்புக்கு ஒரு பக்கம் காரமான எலும்புச் சாறு, மறுபக்கம் காரமில்லாதது. சுற்றிலும் தட்டுத் தட்டாகப் பச்சைக் கறி, இறால், காளான், கோஸ் இலை, நூடுல்ஸ்.

“அவங்கவங்க போட்டு, அவங்கவங்க எடுத்து, தொட்டுக்கிட்டுச் சாப்பிட வேண்டியதுதான் மச்சான். அவசரமே கிடையாது. கப்பல்ல உக்காந்தோம்னா மத்தியானம் ஆரம்பிச்சு விளக்கு வைக்கிற வரைக்கும் ஓடும். நடுநடுவுல சண்டை போட்டுக்கலாம், சமாதானம் ஆகிக்கலாம், எல்லாத்துக்கும் நேரம் இருக்கு.”

அவசரமே கிடையாது என்ற சொல் டைம் கீப்பரின் காதுக்குள் எறும்பு மாதிரி போனது. அடுத்த ஞாயிறே சட்டிக்குக் கால அட்டவணை வந்துவிட்டது. வீட்டுக்கென்று ஒரு தனி விசிலும் வந்தது. முதல் விசிலுக்குக் கறி. அடுத்ததற்கு இறாலும் காளானும். கடைசியில் நூடுல்ஸ். அதற்கு அப்புறமும் ஒரு விசில் உண்டு. அது அடுப்பை அணைக்க. முறை வருவதற்கு முன்னால் யாராவது ஒரு காளானை நழுவவிட்டால், அரித்தெடுத்துத் தட்டில் திருப்பிப் போட்டு, “டிக்கெட் இல்லாம ஏறியாச்சு!” என்பார். தாமதமாக வந்தவர்களுக்கு, “அடுத்த வண்டி அடுத்த ஞாயிறு” என்பார்.

“இது வீடா டிப்போவாங்க?” என்று மனைவி கேட்பாள்.

“டிப்போன்னா சுத்தமா இருக்கும்.”

“அப்ப இனிமே நீங்களே கூட்டித் துடைங்க, டிப்போ மாதிரி ஆக்கிடலாம்.”

மகள் சின்ன வயதில் இந்த விசிலை ரசித்தாள். கொஞ்சம் வளர்ந்ததும் பொறுத்துக்கொண்டாள். வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகு, அப்பா விசிலை வாயில் வைக்கும்போதெல்லாம் அம்மாவைப் பார்த்துக் கண்ணடித்தாள். அம்மா சிரிப்பை அடக்க சமையலறைக்குள் போவாள். அந்த வீட்டில் சந்தோஷம் இருந்தது என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை. டைம் கீப்பருக்கும் அது தெரியும். தெரியாத மாதிரி விசில் ஊதுவதில் அவருக்கு ஒரு தனி சுகம்.

அது ஒரு செவ்வாய்க்கிழமை. மகள் டிப்போவுக்கு எதிரே மருந்துக்கடையில் வேலை செய்துகொண்டிருந்தாள். மதியம் அம்மாவிடமிருந்து போன்.

“நெஞ்சை என்னமோ அடைக்குதுடி. அப்பா போனை எடுக்கல. நீ வந்துடறியா?”

அப்பா எடுக்கவில்லை, எப்படி எடுப்பார்? வேலை நேரத்தில் போன் டிராயருக்குள்தான் இருக்க வேண்டும் என்பது கூண்டின் சட்டம். சட்டம் இயற்றியவரும் அவர்தான், அதற்குக் கட்டுப்பட்ட ஒரே குடிமகனும் அவர்தான்.

மகள் எதிர்வீட்டு அம்மாவுக்குப் போன் போட்டு ஆம்புலன்சைக் கூப்பிடச் சொல்லிவிட்டு, கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தாள். அவர்கள் தெரு வழியாகப் போகும் வண்டி வாசலில் உறுமிக்கொண்டிருந்தது. கூண்டிலிருந்து டைம் கீப்பர் பார்த்தார். துப்பட்டா ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம், கையைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவது தன் மகள். வாயும் அசைந்தது. என்ன சொல்கிறாள் என்று கேட்கவில்லை. காரணம், அப்போது அவர் விசில் ஊதிக்கொண்டிருந்தார்.

நிறுத்தியிருக்கலாம். கை நீட்டினால் போதும், டிரைவர் பிரேக்கை மிதித்திருப்பார். ஆனால் சொந்த மகளுக்கு ஒரு நொடி நிறுத்தினால் நாளைக்கு டிப்போ என்ன பேசும்? டைம் கீப்பர் மகளைப் பார்த்து, சிரித்தபடி, கைக்கடிகாரத்தை விரலால் தட்டிக் காட்டினார். வண்டி போய்விட்டது. மகள் நிற்கவில்லை. கூண்டுப் பக்கம் திரும்பவும் இல்லை. வண்டிக்குப் பின்னாலேயே மெயின் ரோட்டுப் பக்கம் ஓடினாள். பிடிவாதம், அம்மா மாதிரியே என்று நினைத்துக்கொண்டார்.

அப்புறம் டீ குடிக்கப் போனார். அங்கே டயர் செக்‌ஷன் ஆட்கள் இருந்தார்கள்.

“பாத்தீங்களாய்யா? எம்பொண்ணு ஓடியாறா. நிறுத்தினேனா?”

“நிறுத்தலையே சார்.”

“வீட்டுக்குப் போனா சோறு கிடைக்காது. அது வேற விஷயம்!”

“உங்களுக்கெல்லாம் சிலை வைக்கணும் சார்,” என்றான் ஒருவன். அவன் கிண்டலாகச் சொன்னானா நிஜமாகச் சொன்னானா என்று டைம் கீப்பர் ஆராயவில்லை. இன்னொரு டீ சொன்னார். கதையை இன்னொரு தடவையும் சொன்னார். கூண்டுக்குத் திரும்பி வந்தபோது டிராயர் அதிர்ந்துகொண்டிருந்தது. மின்விசிறிதான் ஆடுகிறது என்று நினைத்து, அதன் காலுக்கடியில் ஒரு அட்டையை மடித்து வைத்தார்.

மகள் யார் யாரையோ கெஞ்சி ஒரு பால் வேனில் ஏறிப் போய்ச் சேர்ந்தபோது எதிர்வீட்டு அம்மா வாசலில் அழுதுகொண்டிருந்தார். ஆம்புலன்ஸ் வந்து, வேலை இல்லாமல் நின்றது. “கடைசி வரைக்கும் கதவைப் பாத்துக்கிட்டே இருந்தாடி உங்கம்மா. ‘அவ வந்துட்டாளா, அவ வந்துட்டாளா’ன்னு அதையே கேட்டா.”

டாக்டர், மகள் முன்னாடியே வந்திருந்தாலும் காப்பாற்றியிருக்க முடியுமா என்று சொல்வதற்கில்லை என்றார். மகள் காப்பாற்றுவதைப் பற்றிக் கேட்கவே இல்லை. அந்த வண்டியை ஓட்டிய டிரைவர் துக்கம் விசாரிக்க வந்தபோது, ஏதாவது நல்ல வார்த்தை சொல்ல வேண்டுமே என்று தேடி, “அன்னைக்கு ரோடு காலியா இருந்துச்சு சார், ரொம்ப சீக்கிரமே உங்க ஸ்டாப்புக்குப் போயிட்டேன்” என்றார். டைம் கீப்பர் தலையாட்டினார். பணிக்காலம் முழுவதும் டிரைவர்களிடம் அவர் எதிர்பார்த்த வாக்கியம் அது.

மகள் கத்தவில்லை, திட்டவில்லை. உறவினர்கள் எல்லாம் போனபின் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“அப்பா, நான் ஓடி வர்றதப் பாத்தீங்கல்ல?”

கூட்டமாக இருந்தது, கண்ணில் படவில்லை, வெயில் அடித்தது என்று ஏதாவது சொல்லியிருக்கலாம். ஊர் உலகத்தில் அப்பாக்கள் இதைவிடப் பெரிய பொய்களையெல்லாம் சொல்லித்தான் மகள்களை வளர்க்கிறார்கள். டைம் கீப்பருக்கு அந்தத் திறமையும் இல்லை.

“பாத்தேன்மா.”

“சரிப்பா.”

அவ்வளவுதான். மருந்துக்கடைக்குப் பக்கத்தில் ஒரு அறை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். போன் பண்ணுவாள். “சாப்டீங்களா? மாத்திரை போட்டீங்களா? சரி, வெச்சிடறேன்.” தவறாமல் பண்ணுவாள். மருந்துக்கடையில் வாடிக்கையாளரிடம் பேசுவதைவிட மரியாதையாகப் பேசுவாள். அந்த மரியாதையைக் கேட்டபின் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வரமாட்டாள். மற்ற நாட்களிலும் வரமாட்டாள் என்பது வேறு. ஆனால் ஞாயிறுதான் தெரிந்தது.

அவர் ஓய்வு பெற்ற அன்று டிப்போவில் கூட்டம் போட்டார்கள். புதிதாக வந்த மேனேஜருக்கு விஷயம் முழுதாகத் தெரியாது. யாரிடமோ பாதி கேட்டு வைத்திருந்தார். “கடமை என்று வந்துவிட்டால், பெற்ற மகளே ஓடி வந்தாலும் வண்டியை நிறுத்தாத மாமனிதர் இவர்!” என்று மைக்கில் முழங்கினார். டயர் செக்‌ஷன் ஆட்கள் தரையைப் பார்த்தார்கள். யாரோ ஒருவர் கை தட்ட ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினார். பரிசாக ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். மாமனிதர் அதை வாங்கிக்கொண்டு, பஸ்ஸில் ஏறாமல், வீடு வரைக்கும் நடந்தே வந்தார்.

மைத்துனர் கப்பல் அடுத்த தடவை ஊருக்கு வந்தபோது நேராக மருந்துக்கடைக்குப் போனார். அப்புறம்தான் இங்கே வந்தார்.

“ஞாயித்துக்கிழமை வரேன்னு சொல்லியிருக்கா மச்சான். லேசுல சொல்லல. ரெண்டு நாள் கடை வாசல்லயே நின்னேன். ‘வந்து ஒருவேளை சாப்பிடு, பேச வேண்டாம், சும்மா சாப்பிடு’ன்னேன். ‘என்ன சாப்பாடு?’ன்னா. சட்டின்னு சொல்லிட்டேன்.”

“சட்டியா? யாரு வைக்கிறது?”

“நான் கப்பல்ல முப்பது பேருக்கு வெச்சவன். இங்க வைக்க மாட்டேன். நீங்கதான் வைக்கணும்.”

“எனக்கு என்னடா தெரியும்? நான் விசில்தானே ஊதுவேன்?”

“அதை ஊதாதீங்க, பாதி வேலை முடிஞ்ச மாதிரி.”

சனிக்கிழமை காலையில் டைம் கீப்பர் கறிக்கடைக்குப் போனார். எந்த வண்டி எந்த ரோட்டில் போகும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடியவருக்கு, சட்டிக்கு எந்தக் கறி என்று கேட்டால் தெரியவில்லை. மெலிசாக வேண்டும் என்று மட்டும் நினைவிருந்தது.

“எவ்வளவு மெலிசா?” என்றார் கறிக்கடைக்காரர்.

“ரொம்ப மெலிசா. வெளிச்சத்துல பிடிச்சா அந்தப் பக்கம் தெரியணும்.”

“கறி கேக்கறீங்களா சார், பஸ் டிக்கெட் கேக்கறீங்களா?” கத்தியைக் கீழே வைத்தார் அவர். “உங்க வீட்டம்மா முழுத் துண்டா வாங்கிட்டுப் போவாங்க. ஐஸ் பெட்டியில பாதி இறுக விட்டு அவங்களே சீவுவாங்க. அப்பத்தான் மெலிசா வரும்னு சொல்லுவாங்க. எலும்பும் வாங்குவாங்க, சாறு வைக்க. வேணுமா?”

“குடுங்க.”

“ஒரு தடவை கை வெட்டிக்கிட்டாங்க, தெரியுமில்ல? கட்டுப் போட்டுக்கிட்டு வந்தாங்க.”

டைம் கீப்பருக்குத் தெரியாது. எந்த ஞாயிறு அது என்று வழியெல்லாம் யோசித்தார். கட்டுப் போட்ட விரல் ஒன்று மேசையில் தட்டு வைப்பது எங்கேயோ நினைவுக்கு வருவது போலிருந்தது, வரவில்லை. அப்போது அவர் மணியைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்.

ஞாயிறு விடியுமுன்பே எழுந்து எலும்பை அடுப்பில் ஏற்றினார். பக்கத்தில் கப்பல் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, உதவி செய்யாமல் உபதேசம் மட்டும் செய்தார். முதல் தண்ணீரில் அழுக்கு நுரை பொங்கியது. “கொட்டுங்க. எலும்பைக் கழுவுங்க. திரும்ப வைங்க.” மறுபடி நுரை வந்தது. “கரண்டியால எடுங்க. இல்ல, தீயைக் குறைங்க. குறைங்கன்னா அணைக்காதீங்க!” மணிக்கணக்காக நின்று நுரை எடுத்தார். சாறு மெல்ல மெல்லத் தெளிந்தது. கால் வலித்தது.

“இவ்வளவு நேரமாடா ஆகும்?”

“பின்ன? சட்டி மேசைக்கு வர்றப்ப எல்லாம் முடிஞ்சிடும் மச்சான். நீங்க பாத்ததெல்லாம் கடைசி அரை மணிதான்.”

டைம் கீப்பர் இன்னொரு கரண்டி நுரையை எடுத்தார். சட்டி யாருக்கும் நிற்காது என்று அவர் முழங்கிய அத்தனை ஞாயிறுகளிலும், அவர் பேப்பர் படித்து, குளித்து, சவரம் செய்து, மேசைக்கு வந்து சேரும்வரை அது விடியற்காலையிலிருந்து இந்த அடுப்பில் நின்றுகொண்டுதான் இருந்திருக்கிறது. கூடவே இன்னொருத்தியும்.

பாதி இறுகிய கறியைச் சீவ முயன்றார். முதல் துண்டுகள் செருப்பு அடிப்பாகம் மாதிரி வந்தன. கப்பல் அவற்றைத் தூக்கிப் பார்த்து, “இதைப் போட்டா அடுத்த ஞாயிறுதான் வேகும்” என்றார். பிறகு கொஞ்சம் வந்தது. நல்லதாக அமைந்தவற்றையெல்லாம் ஒரு தனித்தட்டில் அடுக்கி, மகள் உட்காரும் பக்கம் வைத்தார்.

மதியம் ஆனது. மேசையில் சட்டி கொதித்தது. ஜன்னல் வழியாக பஸ் சத்தம் கேட்டது. எந்த வண்டி என்று சத்தத்திலேயே தெரியும் அவருக்கு. கிளட்சில் கோளாறு உள்ளது, புது டயர் போட்டது, எல்லாம் தெரியும். முதல் வண்டி வந்து நின்றது, போனது. படியேறி யாரும் வரவில்லை. அடுத்ததும் வந்தது. கதவு திறந்து மூடிய சத்தம் தெளிவாகக் கேட்டது. யாரோ இறங்கியிருக்கிறார்கள். டைம் கீப்பர் எழுந்து நின்றார், சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். யாரும் வரவில்லை.

கப்பல் கறித் தட்டைப் பார்த்தார். தன் வயிற்றைப் பார்த்தார். அவருக்கு அன்றைக்கே துறைமுகத்துக்கு ரயில்.

“மச்சான், ரெண்டு துண்டு போட்டுக்கட்டுமா?”

“போட்டுக்கோ. அந்தத் தட்டுல எடுக்காத.”

கப்பல் செருப்புத் துண்டுகளைப் போட்டு, ஊதி ஊதி மென்று தின்றார். நல்லா இருக்கு என்று சொன்னார். பொய்தான், ஆனால் சாறு நன்றாகவே இருந்தது. போகும்போது அக்காள் கணவரின் தோளைத் தொட்டு, “உப்பு மட்டும் பாத்துக்கோங்க, வத்த வத்த ஏறிடும்” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

மேலும் இரண்டு மூன்று வண்டிகள் வந்து போனபின் போன் அடித்தது. அது மேசை மேலேயே இருந்தது. முதல் மணி முடியுமுன் எடுத்தார்.

“அப்பா.”

“சொல்லும்மா.”

“வந்தேன்ப்பா. ஸ்டாப்ல இறங்கிட்டேன். நம்ம வீட்டு வாசல் தெரிஞ்சுது. அன்னைக்கு வேன்லேருந்து இறங்கினப்ப தெரிஞ்ச மாதிரியே... முடியலப்பா. எதிர்ப்பக்கம் போற வண்டியில ஏறிட்டேன். கப்பல் மாமா கோவிச்சுக்குவார்.”

“அவன் சாப்பிட்டுப் போயிட்டான். கோவமெல்லாம் இல்ல.”

“நீங்க சாப்டீங்களா?”

“இல்லம்மா.”

“ஏன்ப்பா? மணி என்ன ஆகுது?”

டைம் கீப்பர் சுவரைப் பார்க்கவில்லை, கையையும் பார்க்கவில்லை. “தெரியலையேம்மா” என்றார்.

அந்தப் பக்கம் வண்டி உறுமுவது மட்டும் கேட்டது. அந்த மனிதரின் வாயிலிருந்து அப்படி ஒரு பதிலை அவள் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை.

“நான் எப்ப வருவேன்னு எனக்கே தெரியலப்பா. இன்னைக்கோ, அடுத்த வாரமோ... வருவேனான்னுகூட...”

“நான் கேக்கலைம்மா. நீ பாத்து வா. உக்கார எடம் கிடைச்சுதா?”

“கிடைச்சுது.”

“ஜன்னல் பக்கமா?”

“ம்.”

அவள் அழுகிறாள் என்று தெரிந்தது. அவளாகவே வைக்கட்டும் என்று போனைக் காதிலேயே வைத்திருந்தார். வெகு நேரம் கழித்து அவள் வைத்தாள்.

சட்டியில் சாறு பாதிக்குமேல் வற்றியிருந்தது. ஒரு சொட்டு எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார், கரித்தது. ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார். கொதி அடங்கியது. மெலிசாகச் சீவிய கறித் தட்டை ஒரு ஈரத்துணியால் மூடி ஐஸ் பெட்டிக்குள் வைத்தார். தெருவில் இன்னொரு பஸ் வந்து நின்று, யாரையும் இறக்காமல் போனது. டைம் கீப்பர் வாசல் கதவைத் திறந்து, அது காற்றில் மூடிக்கொள்ளாமலிருக்க ஒரு நாற்காலியை முட்டுக் கொடுத்துவிட்டு மேசைக்குத் திரும்பினார்.

அடுப்பை அணைக்கவில்லை. தீயை நன்றாகக் குறைத்துவிட்டு, சட்டிக்கு எதிரில் உட்கார்ந்தார்.